மொழியியல் பாடமும் நம் வீட்டுத் தமிழும்

மொழியியலுக்கு அறிமுகமாக எழுதப்பட்ட பாடநூல் எதை எடுத்தாலும், ஆங்கிலத்திலாகட்டும் தமிழிலாகட்டும், தொடக்கத்தில் ஒரு படம் இருக்கும். மனிதத் தலையை நெடுக்காகப் பிளந்து காட்டும் படம். மூக்கறை, அண்ணம், நுனிநா, அடிநா, குரல்வளை என்று கோடு இழுத்துப் பெயர் எழுதியிருப்பார்கள். அங்கே புறப்பட்டு ஒலியியல், ஒலியனியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல் என்று படிப்படியாக ஏறி, கடைசி அத்தியாயத்தில் 'மொழியும் சமுதாயமும்' என்று வந்து நிற்கும். முதல் பக்கத்தில் பார்த்த அந்தத் தலைக்கு ஒரு ஊர் உண்டு, சாதி உண்டு, வயசு உண்டு, சம்பளம் உண்டு என்பது அப்போதுதான் மாணவனுக்குத் தெரிய வரும். அதுவும் படித்தால்தான். நான் அஞ்சல் வழியில் படித்த காலத்தில், "கடைசிப் பகுதியிலேருந்து ஒரு கேள்விதான் வரும், விட்டுடலாம்" என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தமே இருந்தது. விட்டுவிட்டோம்.

அந்த வரிசைமுறையோடு எனக்கு இன்று வழக்கு இருக்கிறது. எளியதிலிருந்து அரியதற்குப் போவது கற்பிக்கும் முறை என்று அதற்குச் சமாதானம் சொல்வார்கள். வேறு மொழிகளுக்கு அது சரியாக இருக்கலாம். தமிழுக்கு, அதிலும் தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் தமிழுக்கு, கடைசி அத்தியாயத்தைப் படிக்காமல் முதல் அத்தியாயத்தையே புரிந்துகொள்ள முடியாது என்பது என் கட்சி. பல ஆண்டுகளாக நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சாக்பீஸ் பிடித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இதைப் பேசுவதற்குப் புனேயைவிடப் பொருத்தமான ஊரும் கிடையாது. எரவாடா பக்கம் போகும் வழியில் நாம் எத்தனையோ முறை கடந்து போயிருக்கும் டெக்கான் கல்லூரி, 1950களின் நடுப்பகுதியில் இந்தியாவின் புது மொழியியலுக்கே நாற்றங்காலாக இருந்தது. தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் மொழி வரலாறு 1965-இல் வெளிவந்தது சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ அல்ல, இந்தக் கல்லூரியிலிருந்துதான்.

முதலில் ஒலிக்கு வருவோம்.

ஒலிகளின் பிறப்பை நம்மவர்கள் அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் பிறப்பதை அது விளக்குகிறது. கருவி எதுவும் இல்லாத காலத்தில் தன் வாயையே ஆய்வுக்கூடமாக வைத்துச் செய்த வேலை அது. சும்மா சொல்லக்கூடாது, ககரத்தையும் டகரத்தையும் தகரத்தையும் நா எங்கே தொடுகிறது என்று பிரித்துக் காட்டும் இடங்களை இன்றைய பாடநூலின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஆனால் அங்கே 'எழுத்து' என்ற ஒரே சொல் ஒலியையும் குறிக்கிறது, எழுதும் வடிவையும் குறிக்கிறது. தொல்காப்பியர் காலத்தில் அது சங்கடமாக இல்லாமல் இருந்திருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு அங்கேதான் முதல் முள் குத்துகிறது.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டான்: "அங்கிள், மராத்தில க-வுக்கு நாலு எழுத்து இருக்கு. தமிழ்ல ஏன் ஒண்ணே ஒண்ணு?" இந்தக் கேள்விக்கு நம்மிடம் இரண்டு பதில் தயாராக உண்டு. ஒன்று பெருமை: தமிழ் சிக்கனமான மொழி, வேண்டாததை வைத்துக்கொள்ளாது. இன்னொன்று வெளியே சொல்லாத கூச்சம்: நம்மிடம் ஏதோ குறை இருக்கிறது. இரண்டுமே பதில் ஆகா. கடல் என்னும்போது முதலில் வரும் க, பக்கம் என்னும்போது இரட்டித்து வரும் க இரண்டும் வல்லோசை. தங்கம் என்னும்போது மெல்லினத்துக்குப் பின்னால் அதே எழுத்து அதிர்ந்து ஒலிக்கிறது. மகன் என்னும்போது இரண்டு உயிருக்கு நடுவில் தேய்ந்து, சிலர் வாயில் ஏறக்குறைய ஹகரமாகவே ஆகிவிடுகிறது. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுவதால் தனித்தனி எழுத்துக்கு வேலை இல்லை. மராத்தியில் அப்படி இல்லை. 'காய்' என்பதை வல்லோசையோடு சொன்னால் 'என்ன' என்று பொருள்; அதிர்ந்த ஒலியோடு சொன்னால் பசு. (இந்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் எனக்கு எழுதிக் காட்ட முடியவில்லை பாருங்கள்.) பொருளை மாற்றும் ஒலி ஒரு மொழிக்குத் தனி ஒலியன், மாற்றாதது மாற்றொலி. மொழியியலின் இரண்டாம் அத்தியாயம் தரும் இந்த விளக்கத்தைக் கேட்டுப் பையன் தலையை ஆட்டினான். எனக்கும் திருப்திதான்.

அடுத்த வாரம் அதே பையன் வந்து, "அப்போ பீடி, பஸ், குண்டு எல்லாம்?" என்றான். என்னைவிட அவனே நல்ல மொழியியலாளன் என்று தோன்றியது. குண்டு என்பதை எழுதுவது வல்லின ககரத்தில். சொல்வதோ பெரும்பாலோர் வாயில் அதிர்ந்த ஒலியில். 'பாவம்' என்பதை வன்மையாகச் சொன்னால் பரிதாபம் அல்லது தீவினை. அதிர்ந்த ஒலியோடு சொன்னால் நாட்டிய அரங்கில் முகத்தில் காட்டுவது. பொருள் மாறுகிறதே, அப்படியானால் தமிழிலும் அது தனி ஒலியன்தானே? பேருந்து என்று சொல்லாத என் பெரியம்மா கடைசிவரை 'பஸ்ஸு' என்பதன் முதல் எழுத்தை 'பல்' என்பதன் பகரம் போலத்தான் சொன்னார். அவர் பேத்தி அப்படிச் சொல்லமாட்டாள். ஒரே வீட்டில் பாட்டிக்கும் பேத்திக்கும் ஒலியன்களின் எண்ணிக்கை வேறு. 'தமிழில் ஒலியன்கள் எத்தனை?' என்பது தேர்வுத்தாளில் 2 மதிப்பெண் கேள்வி. 'யாருடைய தமிழில்?' என்று திருப்பிக் கேட்காமல் அதற்கு விடை எழுத முடியாது. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் பள்ளிக்குப் போனார், யார் நாட்டியம் கற்றார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. கடைசி அத்தியாயத்துச் சமாச்சாரம் இரண்டாம் அத்தியாயத்திலேயே வந்து கதவைத் தட்டுகிறது. பாடநூல் திறப்பதில்லை.

ழகரத்தில் இது இன்னும் பட்டவர்த்தனம். புனேயில் வளரும் பிள்ளைகளுக்கு ளகரத்தில் தகராறு இல்லை. மராத்தியில் அது இருக்கிறது. திலகரின் பெயரையே இங்கே 'டிளக்' என்றுதான் சொல்கிறார்கள். டில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குப் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் ழகரம் மராத்தியில் கிடையாது. ஆகவே பலர் 'தமிள்', 'மளை' என்கிறார்கள். ஒருமுறை வகுப்பு முடிந்ததும் ஒரு தந்தை என்னிடம் வருத்தப்பட்டார்: "மராத்திக்காரங்க சகவாசத்துல இவனுக்குத் தமிளே வரமாட்டேங்குது சார், நாக்கு கெட்டுப்போச்சு." அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். சொல்லும்போது அவர் வாயிலும் 'தமிள்' என்றுதான் வந்தது. நான் சிரிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

ஒரே ஒலி. மதுரையிலும் அதற்குத் தெற்கிலும் ழ ளகரமாவது ஊர் வழக்கு. சென்னைப் பேச்சில் அதே ழ யகரமாகி 'வாயப்பயம்' என்று வரும்போது அதைச் சினிமாவில் நகைச்சுவைக்குப் பயன்படுத்துகிறார்கள். புனேயில் ளகரமாகும்போது அது மொழி அழிவு. ஒலியியல் படத்தில் மூன்று பேரின் நாக்கையும் வரைந்துவிடலாம். தீர்ப்பு ஏன் மூன்று விதமாக இருக்கிறது என்பதைப் படம் சொல்லாது. போகட்டும், இந்தப் பையனின் ளகரம் மராத்தியிலிருந்து வந்ததா, அப்பாவின் விருதுநகரிலிருந்து வந்ததா? நாக்கைப் பார்த்து இதற்கும் பதில் சொல்ல முடியாது. அவன் யாரோடு விளையாடுகிறான், வீட்டில் யார் அவனோடு பேசுகிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும்.

ஒலி மாற்றத்துக்கும் பேசுபவரின் சமூக நிலைக்கும் உள்ள உறவைத் தமிழை வைத்து முதன்முதலில் ஆராய்ந்தவர்களில் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். வில்லியம் பிரைட் டெக்கான் கல்லூரிக்கு வந்து கன்னடப் பேச்சுமொழியை ஆராய்ந்தவர். அவருடைய கன்னட நூல் 1958-இல் இங்கேதான் வெளியாயிற்று. ஏ.கே. ராமானுஜனும் இதே கல்லூரியில் மொழியியல் பயின்றவர். மைசூரில் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பத்தில், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவர். அதாவது நம் ஆள்: வெளிமாநிலத் தமிழர். இவ்விருவரும் சேர்ந்து எழுதி 1964-இல் அச்சான கட்டுரை தமிழ், கன்னடம், துளு ஆகிய மூன்றிலும் பிராமணர் பேச்சையும் பிராமணரல்லாதார் பேச்சையும் ஒப்பிட்டது.

அதன் முடிவு இன்றும் யோசிக்க வைக்கிறது. தமிழிலும் கன்னடத்திலும் பிராமணர் பேச்சு வெளியிலிருந்து சொற்களையும் அவற்றோடு வரும் புது ஒலிகளையும் தாராளமாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ழகரம் போன்ற பழைய ஒலிகளை விடுவதில்லை. பிராமணரல்லாதார் பேச்சில் ஒலிகள் தாமாகவே தேய்ந்தும் திரிந்தும் போகின்றன. துளுவில் மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை. அங்கே இரு தரப்பாரின் பேச்சும் ஒன்றுபோல மாறியிருந்தது. ஏன்? துளுவுக்குத் தமிழ் போலவோ கன்னடம் போலவோ பரவலாகப் படிக்கப்படும் எழுத்து வழக்கு இல்லை. ஆகவே தமிழ்ப் பிராமணர் வாயில் ழகரத்தை நிறுத்தி வைத்தது பிறப்பு அன்று, ஏட்டுப் படிப்பு. எழுத்தறிவு ஒலி மாற்றத்துக்குத் தடைக்கட்டையாக வேலை செய்கிறது என்று அவர்கள் கருதினார்கள். துளுவைச் சேர்த்துக்கொண்டதுதான் அந்தக் கட்டுரையின் புத்திசாலித்தனம். தமிழோடு நிறுத்தியிருந்தால், சாதிதான் நாக்கை ஆட்டுகிறது என்ற முடிவுக்குப் போயிருப்பார்கள்.

எனக்கு இதில் இரண்டு குறை படுகின்றன. காரணம் படிப்பு என்றால், பிரித்துப் பார்க்க வைத்த பெட்டிகளுக்கு மட்டும் சாதிப் பெயர் எதற்கு? அந்தக் காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகப் போயின என்பது உண்மைதான். ஆனால் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தடைக்கட்டை அத்தனை பேருக்கும் போட்டாயிற்று. இருந்தும் தென்மாவட்டங்களில் பட்டதாரிகள் 'ழ' என்று பிழையில்லாமல் எழுதிவிட்டு 'ள' என்றே பேசுகிறார்கள். அவர்களுக்கு அதில் வெட்கமும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எழுத்து தெரிந்தால் மட்டும் பேச்சு மாறிவிடாது, மாற வேண்டும் என்ற எண்ணமும் வேண்டும் என்றுதான் இதற்குப் பொருள். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத் தீவொன்றில் வில்லியம் லபோவ் செய்து 1963-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. கோடையில் பணக்கார விருந்தாளிகள் வந்து குவியும் அந்தத் தீவில், ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்றிருந்தவர்கள் உள்ளூர் உயிரொலியை அழுத்தமாக ஒலித்தார்கள். வெளியேற நினைத்தவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஒரு உயிரொலியில் அவர்களுடைய ஊர்ப்பற்று தெரிந்தது.

இரண்டாவது குறை அந்தப் பெட்டிகள் பற்றியது. 'பிராமணரல்லாதார்' என்பது இல்லாததைச் சொல்லி வைத்த பெயர். 1916-இன் பிராமணரல்லாதார் அறிக்கையில் அதற்கு ஓர் அரசியல் நியாயம் இருந்தது. அரசியலில் நியாயமாக இருந்த ஒரு வகைப்பாட்டை மொழியியல் அப்படியே எடுத்து உபயோகித்துக்கொண்டது. கொங்கு நாட்டு விவசாயி, தூத்துக்குடி மீனவர், தஞ்சை வட்டாரத்துத் தலித் கூலியாள், வாப்பா, உம்மா, லாத்தா என்று உறவு சொல்லும் காயல்பட்டினத்து முஸ்லிம் எல்லாரும் ஒரே பெட்டியில். ஆத்துக்கு, ஜலம், அவா என்று எதிர்ப்பக்கம் மட்டும் நுணுக்கமாகக் காட்டப்படும். பிற்காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ பாடநூல்களில் 'சாதிக் கிளைமொழி' என்ற தலைப்பின்கீழ் இந்த இரண்டு பெட்டிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. மு. சண்முகம் பிள்ளை 1965-இலேயே உறவுப் பெயர்களை வைத்துச் சாதிவாரியான எல்லைக்கோடுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் காட்டியிருந்தும், பாடநூல்களில் அந்த வழி போதுமான அளவு தொடரப்படவில்லை என்பது என் எண்ணம்.

உறவுப் பெயர் என்றதும் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். 'என் குடும்பம்' என்று பத்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பெண் 'என் அப்பத்தா தேவகோட்டையில் இருக்கிறார்' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அப்பத்தாவை அடித்துப் 'பாட்டி' என்று மேலே எழுதினேன். பாடப் புத்தகத்தில் பாட்டிதான். அந்தப் பெண் நோட்டைப் பார்த்துவிட்டு, "பாட்டி வேற, அப்பத்தா வேற அங்கிள். பாட்டின்னா கீழ் வீட்ல இருக்காங்களே, அவங்க" என்றாள். கீழ் வீட்டில் இருப்பவர் பாலக்காட்டு மாமி ஒருவர். அவள் சொன்னது முழுக்கச் சரி. அப்பாவின் தாய் அப்பத்தா, அம்மாவின் தாய் அம்மாச்சி என்று அவள் தமிழ் பிரித்து வைத்திருந்ததை, பிரிக்காத ஒரு சொல்லால் நான் அழித்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் அப்போது இருந்த 20 பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன்: ஆச்சி, அப்பாயி, அம்மாயி, ஆத்தா, அப்பத்தா, அம்மாச்சி, பாட்டி, உம்மும்மா. எட்டுச் சொற்கள். சமுதாய மொழியியலின் முழுப் பாடமும் அந்தச் சின்ன அறையில் பாய்மேல் உட்கார்ந்திருந்தது. நான் முதல் அத்தியாயத்தில் நின்றுகொண்டு அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பேச்சுச் சொல்லைக் கண்டதும் சிவப்பு மை எடுக்கும் இந்தக் கைக்கு மொழியியலில் ஒரு விளக்கம் உண்டு. சார்லஸ் பெர்குசன் 1959-இல் எழுதிய கட்டுரை, ஒரே சமூகத்தில் ஒரு மொழியின் இரண்டு வடிவங்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு வாழும் நிலையை விவரித்தது. நாம் இரட்டை வழக்கு என்கிறோம். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைத்தி ஆகிய நான்கும் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகள். தமிழும் இந்த வகைதான் என்பதில் பின்வந்தவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மேல் வடிவத்தைப் பள்ளியில் கற்கிறோம், கீழ் வடிவத்தை மடியில் கற்கிறோம். மேல் வடிவத்தை யாரும் வீட்டில் பேசுவதில்லை. ஆனாலும் அதுதான் 'மொழி', மற்றது ஒரு பொருட்டே இல்லை என்று பேசுபவர்களே நம்புவார்கள். இந்தக் கடைசிக் கவனிப்பு கூர்மையானது. அப்பத்தாவை அடித்தபோது நான் அப்படித்தான் நம்பினேன். உயர் வழக்கு, தாழ் வழக்கு என்று பெர்குசனே பெயர் வைத்தார். தமிழில் சொல்லும்போது 'தாழ்' என்பது இன்னும் கனமாக விழுகிறது.

ஆனால் பெர்குசனின் வீட்டுக்கு இரண்டு மாடி. கீழே பிறந்த குழந்தை பள்ளி என்ற படியில் ஏறி மேலே போகும். நம் வீட்டில் அந்தப் படி வேறு எங்கோ போகிறது. மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றில் படிக்கும் பிள்ளைக்கு உயர் வழக்கின் வேலையை அவைதான் செய்கின்றன. எழுத்துத் தமிழ் என்ற மாடிக்கு ஏணியே கிடையாது. 2011 கணக்குப்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். இவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் என்பது பேச்சுத் தமிழ் மட்டும்தான். கீழ்த்தளம் மட்டும் உள்ள இந்த நிலைமைக்கு இரட்டை வழக்குக் கோட்பாட்டில் இடமே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் நாம் முதல் பாடமாக, 'நான் பள்ளிக்குச் செல்கின்றேன்' என்று ஆரம்பிக்கிறோம். "இப்டி யாரும் பேசமாட்டாங்களே" என்று அது சிரிக்கிறது. அது சிரிப்பது மொழியறிவால். நாம் அதை அசட்டை என்று எடுத்துக்கொள்கிறோம். மூன்றாம் மாதம் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுகிறது. நீச்சல் வகுப்பு, டியூஷன் என்று காரணம் சொல்வார்கள்.

இரட்டை வழக்கு இயற்கை விதியும் அல்ல. பெர்குசன் சான்று காட்டிய கிரேக்கத்திலேயே 1976-இல் அரசு பழைய உயர் வழக்கைக் கைவிட்டு மக்கள் வழக்கைப் பள்ளிக்கும் அலுவலுக்கும் கொண்டுவந்துவிட்டது. தமிழிலும் அதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. சங்க இலக்கியம்வரை படி வைத்திருக்கும் எழுத்து வழக்கை இழக்க எனக்கு மனமில்லை. எந்தப் படியில் முதலில் கால் வைப்பது என்பதுதான் கேள்வி. ஹெரால்டு ஷிப்மன் 1999-இல் பேச்சுத் தமிழுக்கென்றே ஒரு இலக்கண நூல் வெளியிட்டார். ஊர், சாதி கடந்து படித்தவர்கள் தமக்குள் பேசும் ஒரு பொதுப் பேச்சுத் தமிழ் உருவாகியிருக்கிறது என்பது அவர் வாதம். அந்தப் பொதுப் பேச்சு யாருடைய பேச்சை ஒட்டி உருவாயிற்று என்ற கேள்வியை அவரிடம் கேட்கலாம். ஆனால் 'இருக்கிறது' என்பதற்கும் 'இருக்கு' என்பதற்கும் ஒழுங்கான தொடர்பு உண்டு என்று காட்டும் வேலை நமக்கு உடனே உதவும். இலை எலையாவதும் உடம்பு ஒடம்பாவதும் ஐந்து அஞ்சாவதும் சோம்பலால் நேர்ந்த பிழைகள் அல்ல. விதிக்கு உட்பட்ட மாற்றங்கள். முதல் எழுத்தில் இகரம் எகரமாவதற்கு அடுத்து வரும் அகரமோ ஐகாரமோ காரணம் என்று பத்து வயசுப் பிள்ளைக்கே காட்ட முடியும். நிலம் நெலமாகிறது, நிறம் நெறமாகிறது, கிளி கெளியாவதில்லை. காட்டியிருக்கிறேன். புதிர் போலப் போட்டால் அவர்களே விதியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இனி மராத்தியின் பக்கம். நம் பிள்ளைகளின் தமிழை மராத்தி கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டை விசாரிக்க வேண்டும். சாங்லி மாவட்டத்தில் குப்வாட் என்றொரு ஊர். ஜான் கம்பர்சும் ராபர்ட் வில்சனும் 1971-இல் வெளியிட்ட ஆய்வால் உலகெங்கும் மொழியியல் வகுப்பறைகளில் பெயர் தெரிந்த ஊர் அது. கன்னடம் பேசும் சமணர், உருது பேசும் முஸ்லிம்கள், மராத்தி பேசுவோர் எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து வாழ்ந்ததில், அவரவர் வீட்டு மொழியின் சொற்கள் அப்படியே நிற்க, வாக்கிய அமைப்பு மட்டும் ஒன்றை ஒன்று ஒத்துப்போய்விட்டது. ஒரு மொழியின் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அடுத்த மொழி வாக்கியம் கிடைத்துவிடும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த ஒப்புமை அவ்வளவு முழுமையானதா என்று பின்வந்த ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். நானும் அதைக் கொஞ்சம் அழகுபடுத்திச் சொன்ன கதை என்றே நினைக்கிறேன். ஆனால் வீட்டு மொழி பிழைத்திருப்பதற்கு அது 'சுத்தமாக' இருக்கத் தேவையில்லை என்ற அளவில் குப்வாட் நமக்குச் சொல்வது அதிகம்.

நம் பிள்ளைகள் பேசும் ஒரு வாக்கியம்: "அம்மா சொன்னாங்க கி நாளைக்கு லீவு." 'நாளைக்கு லீவுன்னு அம்மா சொன்னாங்க' என்பதில் இருக்கும் 'என்று' காணாமல் போய், இந்தியின் 'கி' வந்து உட்கார்ந்திருக்கிறது. இது உண்மையான இலக்கண மாற்றம். வெறும் சொற்கலப்பு என்று தள்ளிவிட முடியாது. இது எனக்கும் வருத்தம்தான். ஆனால் மராத்தியைத் திட்டுவதற்கு முன்னால் மராத்தி என்ன செய்கிறது என்று பாருங்கள். அதிலும் 'கி' உண்டு. கூடவே 'ம்ஹணூன்' என்பதும் உண்டு. 'சொல்லி' என்று பொருள்படும் அந்த எச்சம் நம் 'என்று' செய்யும் வேலையை அப்படியே செய்கிறது. தக்காணத்து உருது பேசுபவர்களும் 'போல்கே' என்று அதே அமைப்பை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். நாம், நாங்கள் என்ற வேறுபாடு இந்தியில் இல்லை, ஆங்கிலத்தில் இல்லை, மராத்தியில் உண்டு. ஆபண், ஆம்ஹீ. கேட்பவரையும் சேர்த்து ஒன்று, விலக்கி ஒன்று. முர்ரே எமனோ 1956-இல் இந்தியாவை ஒரே மொழிப் பரப்பாகப் பார்க்கலாம் என்று எழுதியபோது, குடும்பம் வேறான மொழிகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து பண்புகளைப் பகிர்ந்துகொள்ளும் இப்படிப்பட்ட உறவைத்தான் மனத்தில் வைத்திருந்தார்.

"நாங்க எல்லாரும் விளையாடலாமா அங்கிள்?" என்று என்னையும் சேர்த்துக் கேட்ட பிள்ளையிடம், 'நாங்க தப்பு, நாம' என்று பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயனில்லை. "மராத்தில இதை எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டேன். தயங்காமல் 'ஆபண்' என்றது. "அதுதான் நாம." அன்றைக்கு வந்தது, பிறகு மறக்கவில்லை. மராத்தியைக் கெடுதி என்று ஒதுக்கி வைத்திருந்தால் இந்தச் சாவி எனக்குக் கிடைத்திருக்காது. 'ம்ஹணூன்' வைத்து 'என்று'வையும் மீட்கலாம் என்றிருக்கிறேன். அது இன்னும் பாதியில் நிற்கிறது.

தொல்காப்பியரும் திசைச்சொல்லைச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலான எச்சவியலில்தான் வைத்தார், நம் பாடநூல்காரர்களை மட்டும் குறை சொல்வானேன் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நூலின் பாயிரம், வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே நூல் செய்யப்பட்டதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. வழக்கு என்பது மக்கள் பேசுவது. அது அங்கே முதலிலேயே வந்துவிட்டது.

வரும் ஆண்டு வகுப்புக்கு ஒரு யோசனை. அரிச்சுவடியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் ஊரில் மழை பெய்தால் என்ன செய்வார்கள், கல்யாணத்துக்கு என்ன சமைப்பார்கள் என்று அரைமணி நேரம் பேச வைத்துக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு வரட்டும். கிர்க்கி, தேஹு ரோடு பக்கங்களில் 1960களில் வேலைக்கு வந்து தங்கிவிட்ட பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கிளம்பி வந்த நாளில் ஊரில் பேசிய பேச்சு அவர்கள் வாயில் ஓரளவு அப்படியே நிற்கிறது. ஊரிலேயே அது மாறிப்போய்விட்டது. போன வருடம் மட்டும் நம் சங்கத்தில் அப்படி மூன்று பேர் காலமானார்கள். பதிவு எதுவும் எடுக்கவில்லை. பிள்ளைகளின் பெயரையும் பெரியவர்களின் ஊரையும் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தேவகோட்டை அப்பத்தா தீபாவளிக்கு இங்கே வருகிறாராம். முதல் பெயர் அவருடையதுதான்.